ஐம்பது லட்சத்துக்கு எந்த ரோடு?

ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் என்ற பெயரைக் கேட்டாலே கார் பிரியர்கள் பலருக்குக் கண் கலங்கிவிடும். 2025 அக்டோபர் 17 அன்று அந்தக் கார் மறுபடியும் இந்தியாவுக்கு வந்தது. ஷோரூம் விலை 49 லட்சத்து 99 ஆயிரம். மொத்தமே 100 வண்டிகள். விலையைச் சொல்வதற்கு முன்னாலேயே நூறும் புக் ஆகிவிட்டன. அதாவது என்ன விலை என்றே தெரியாமல் நூறு பேர் முன்பணம் கட்டியிருக்கிறார்கள்! கத்தரிக்காய் வாங்கப் போனால் மூன்று கடை ஏறி இறங்கி விலை கேட்கிற தேசம் இது.

அதற்கப்புறம் எங்கே பார்த்தாலும் ஒரே பாட்டு. "விலை கொஞ்சம் ஜாஸ்திதான், ஆனால் ஒர்த்." அந்த "ஆனால் ஒர்த்" என்பதைத்தான் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். அதற்கு நீலகிரியைவிட நல்ல உரைகல் கிடையாது. இந்த மாதிரிக் கார்களின் விளம்பரத்தில் ட்ராஃபிக் சிக்னலையா காட்டுகிறார்கள்? வளைந்து வளைந்து போகும் ஒரு மலைப்பாதை, கொஞ்சம் பனிமூட்டம், ஓரத்தில் பச்சை. ஊட்டியிலிருந்து கூடலூர் இறங்கும் ரோடு அச்சு அசல் அதுதான்.

முதலில் பழைய கதை. இந்த ஆர்எஸ் 2004இல் முதன்முதலாக இந்தியாவுக்கு வந்தபோது 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 150 ஹார்ஸ்பவர். அன்றைக்கு அது பெரிய விஷயம். 2017 ஆகஸ்டில் 230 ஹார்ஸ்பவரோடு வந்தது, விலை 24.62 லட்சம். 2020இல் 245 ஹார்ஸ்பவர், 200 வண்டிகள், 35.99 லட்சம். 2025இல் 265 ஹார்ஸ்பவர், 100 வண்டிகள், 49.99 லட்சம். வண்டியின் எண்ணிக்கை இறங்க இறங்க விலை ஏறுகிறது. ஹார்ஸ்பவர் மட்டும் பாவம், நொண்டி நொண்டிப் பின்னால் வருகிறது.

நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 2017 வண்டிக்கு 6.8 விநாடி என்றது கம்பெனி. 2025 வண்டிக்கு 6.4 விநாடி. எட்டு வருஷத்தில் மிச்சமானது 0.4 விநாடி, ஒரு தடவை கண் சிமிட்டும் நேரம். அதற்குக் கூடுதலாகக் கேட்கப்படுவது 25 லட்சத்து 37 ஆயிரம் ரூபாய்.

இந்த இடத்தில் ரசிகர்கள் விலைவாசியை இழுப்பார்கள். இழுக்கட்டும். ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறியதாக வைத்துக்கொண்டாலும் 24.62 லட்சம் எட்டு வருஷத்தில் 39 லட்சத்துச் சொச்சம்தான் ஆகும். மிச்சம் பத்து லட்சத்துக்கு மேல் இடிக்கிறது. யூரோ ஏறிவிட்டதே என்பார்கள். ஏறியதுதான், 2017இல் 75 ரூபாயைச் சுற்றி இருந்தது 2025 அக்டோபரில் 100ஐத் தாண்டி நின்றது. ஆனால் ரூபாய் சரிவதும் விலைவாசி ஏறுவதும் ஒரே பாம்பின் தலையும் வாலும். இரண்டு தடவை எண்ணி இரண்டு பாம்பு என்று சொல்லக்கூடாது. பத்து ஏர்பேக், பெரிய திரை, தானே பிரேக் போடும் வசதி எல்லாம் கூடியிருக்கிறதே என்றால், அது நியாயமான பேச்சு. ஆனால் அதெல்லாம் பெர்ஃபார்மன்ஸ் இல்லை. அவற்றில் பல இன்றைக்குப் பாதி விலைக் கார்களிலேயே வருகின்றன.

அப்படியானால் பணம் எங்கேதான் போகிறது? 2017 வண்டி உதிரிபாகங்களாக வந்து அவுரங்காபாத் தொழிற்சாலையில் கோக்கப்பட்டது. அதற்குச் சுங்கவரி மிகக் குறைவு. 2020, 2025 வண்டிகள் முழுசாகக் கப்பலில் வந்து இறங்கியவை. நாற்பதாயிரம் டாலருக்கு உட்பட்ட முழுக் காருக்குச் சுங்கவரி 70 சதவீதம். துறைமுகத்தில் 100 ரூபாய்க்கு இறங்கும் பொருள் 170 ஆகிறது. அதன் மேல் ஜிஎஸ்டி 40 சதவீதம், 238 ஆகிறது. தமிழ்நாட்டில் ரெஜிஸ்டர் செய்தால் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம் (2023 நவம்பருக்கு முன்னால் 15ஆக இருந்தது). ஆக 285. இதில் டீலர் லாபமோ இன்சூரன்ஸோ சேரவில்லை. தமிழ்நாட்டில் ஆர்எஸ் வாங்குகிறவர் ஆயுள் வரியாக மட்டும் கட்டுவது ஏறக்குறைய பத்து லட்சம். அந்தக் காசில் ஒரு ஸ்விஃப்டே வாங்கிவிடலாம்.

ஜிஎஸ்டியைத் திட்டியும் பிரயோஜனம் இல்லை. 2017 ஆகஸ்டில் இந்த வகைக் காருக்கு 28 சதவீத வரி, 15 சதவீத செஸ், மொத்தம் 43. 2025 செப்டம்பர் 22க்குப் பிறகு வெறும் 40. அது இறங்கித்தான் இருக்கிறது. ஏறியது வண்டி வந்து சேரும் வழி. நூறு வண்டிக்காக இங்கே ஒரு கோப்பு வரிசை போட மாட்டோம், அப்படியே இறக்குகிறோம், வரியை வாங்குகிறவன் தலையில் கட்டுகிறோம் என்பது கம்பெனி எடுத்த முடிவு. ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐயும் இதே கதைதான்: 2025 மே, 52.99 லட்சம், முதல் தொகுதி 150 வண்டி, அதே 265 ஹார்ஸ்பவர். இத்தனைக்கும் ஸ்கோடா அதே 2025 ஏப்ரலில் இறக்கிய கோடியாக், ஏழு பேர் உட்காரும், நாலு சக்கரமும் இழுக்கும் பெரிய வண்டி, இங்கேயே கோக்கப்பட்டு 46.89 லட்சத்தில் ஆரம்பித்தது. அதிலும் 2 லிட்டர் டர்போ பெட்ரோல்தான். மனசு வைத்தால் முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

சரி, வரியெல்லாம் கட்டி வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. எங்கே ஓட்டுவது?

கூடலூருக்குப் பக்கத்தில் முதுமலைக் காட்டை ஒட்டி இருக்கிறது ஸ்ரீமதுரை (மீனாட்சியின் மதுரைக்கும் இதற்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது). வயல், காப்பி, மிளகு, இஞ்சி, கொஞ்சம் தேயிலை. வண்டி என்றால் இங்கே ஜீப். ஆள் ஏற்ற, மூட்டை ஏற்ற, ராத்திரி பிரசவ வலி வந்தால் கூடலூர் ஆஸ்பத்திரிக்கு ஓட, எல்லாவற்றுக்கும் அதுதான். யானை குறுக்கே நின்றால் அது போகிறவரை விளக்கை அணைத்துக் காத்திருக்க வேண்டும். 265 ஹார்ஸ்பவர் இருந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும்.

ஆர்எஸ் சக்கரம் 19 அங்குலம், டயர் 225/40. அதாவது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் 9 சென்டிமீட்டர். தென்மேற்குப் பருவமழை முடிந்த பிறகு கூடலூர்ப் பக்கத்து ரோடுகளில் போனவர்களுக்கு அந்த 9 சென்டிமீட்டர் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லத் தேவையில்லை. 6.4 விநாடியில் நூறைத் தொட வேண்டுமானால் குறைந்தது 90 மீட்டர் நேர்ரோடு வேண்டும், பிறகு நிறுத்த இன்னொரு 40 மீட்டர். கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அந்தப் பாதையில் 2018இல் நடந்த கோர விபத்துக்குப் பிறகு வெளியூர் வண்டிகள் இறங்குவதற்கே தடை வந்தது. பந்திப்பூர் வழியாக மைசூர் பக்கம் போகலாம் என்றால் வழி நெடுக வேகத்தடை, ராத்திரி ஒன்பது மணிக்கு கேட் மூடிவிடும். ஊட்டிக்கு வருகிற வெளியூர்க்காரர்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து ஈ-பாஸ் வேறு. 2025 ஏப்ரலில் சீசனுக்காக ஒரு நாளைக்கு 6,000 வண்டி, வாரக் கடைசியில் 8,000 என்று உயர் நீதிமன்றம் கணக்கு வைத்தது. அந்த வரிசையில் ஆர்எஸ்ஸும் ஊரும், ஆல்டோவும் ஊரும்.

ஒன்றை மட்டும் மறுக்க முடியாது. மலையில் டர்போ இன்ஜினுக்கு மரியாதை உண்டு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்று அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சாதாரண இன்ஜின் அந்த அளவுக்குச் சக்தியை இழந்து மூச்சுவாங்கும். டர்போ காற்றை அமுக்கித் தருவதால் அவ்வளவாக இழக்காது. பைக்காரா ஏற்றத்தில் லாரியை முந்த அது நிஜமாகவே உதவும், அதில் உயிரும் தப்பும். ஆனால் அதற்கு 1 லிட்டர் டர்போவே தாராளம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் செய்து 2021இல் விட்ட ஹூண்டாய் ஐ20 என் லைனில் இருந்தது அதுதான், 120 ஹார்ஸ்பவர், விலை பத்து லட்சத்தைச் சுற்றி. புனே பக்கம் சாகனில் தயாரான ஸ்கோடாவின் சொந்த ஸ்லாவியா 1.5 டர்போவின் சக்தி 150 ஹார்ஸ்பவர், ஷோரூம் விலை 20 லட்சத்துக்குள். அந்த 150ஐ எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? 2004 ஆர்எஸ்ஸேதான். பழைய கனவைச் சாகனில் செய்து சாதாரண செடானில் வைத்து விற்ற கம்பெனியே, அந்தப் பெயரை மட்டும் ஐம்பது லட்சத்துக்குத் தனியாகக் கழற்றி விற்கிறது.

இதில் கம்பெனியைவிட அதிகமாகத் திட்டு வாங்க வேண்டியவர்கள் ரசிகர்கள்தான். 2018 அக்டோபரில், நீலகிரியிலிருந்து மலை இறங்கினால் வரும் கோயம்புத்தூரின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் சேர்ந்து டியாகோ ஜேடிபி என்று ஒரு குட்டிக் காரைக் கொண்டுவந்தார்கள். 114 ஹார்ஸ்பவர், 6.39 லட்சம். நூறைத் தொடப் பத்து விநாடிக்குக் கொஞ்சம் குறைவு. சஸ்பென்ஷன், கியர், சத்தம் எல்லாம் ஓட்டுகிற சந்தோஷத்துக்காகவே மாற்றியமைத்தது. நம்மூர்க்காரர்கள் நம்மூர் ரோட்டுக்குச் செய்த வண்டி. 2020இல் பிஎஸ்6 வந்ததும் அத்தோடு மூட்டை கட்டிவிட்டார்கள். மாற்றிச் செய்யும் செலவுக்கு ஈடாக விற்றிருந்தால் மூடியிருப்பார்களா? 2015இல் 9.95 லட்சத்துக்கு 145 ஹார்ஸ்பவர் தந்த ஃபியட் அபார்த் புன்டோவும் போனது, 2017இல் வந்த பலேனோ ஆர்எஸ் போனது, போலோ ஜிடி போனது. ஒவ்வொன்று வந்தபோதும் "ஆஹா, என்ன வண்டி!" என்று எழுதித் தள்ளியவர்கள் காசு கொடுக்கும் நேரம் வந்ததும், அப்பா சொன்னார், மைலேஜ் வராது, ரீசேல் கிடைக்காது என்று உயரமான எஸ்யூவி பக்கம் போய் நின்றார்கள்.

கம்பெனிக்காரன் முட்டாள் இல்லை. ஆறு லட்சம் வண்டி ஆயிரக்கணக்கில் விற்றால்தான் போட்ட முதல் வரும், ஐம்பது லட்ச வண்டி நூறு விற்றால் போதும், அதுவும் விலை சொல்லாமலே விற்கும் என்றால் அவன் எதைச் செய்வான்?

"அவர்கள் பணம், அவர்கள் வாங்குகிறார்கள், உங்களுக்கு என்ன வயிற்றெரிச்சல்?" என்பது அடுத்த கேள்வி. நூறு பேர் வாங்கியதில் ஒருவருக்கும் நஷ்டமில்லை. பணம் இருக்கிறது, வாங்கினார்கள். கவலை "ஒர்த்" என்ற வார்த்தை அந்த நூறு பேரோடு நிற்காமல் கீழே வழிவதில்தான். பச்சைத் தேயிலை கிலோ 20 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு வருஷத்துக்கு 4,000 கிலோ என்று தாராளமாகவே போடுவோம். ஒரு ஏக்கர்க்காரர் ஆள்கூலி, உரம் எதையும் கழிக்காமல் 62 வருஷம் பறித்தால் ஒரு ஆர்எஸ்ஸின் ஷோரூம் விலை வரும். அவர் அதை வாங்கப் போவதில்லை. ஆனால் அவர் மகன் பெங்களூரிலோ கோவையிலோ வேலைக்குப் போன இரண்டாவது வருஷமே, இருபது லட்சத்து வண்டியை "ஐம்பதுக்கு இது எவ்வளவோ மலிவு" என்று ஏழு வருஷக் கடனில் எடுக்கிறான். கூடலூர் வட்டத்தில் ஜென்மம் நிலப் பிரச்சினையால் பட்டா இல்லாமல் எத்தனையோ குடும்பங்கள். பட்டா இல்லாத நிலத்தை வைத்து வங்கியில் கடன் கேட்டால் கிடைக்காது. சம்பளச் சீட்டைக் காட்டிக் காருக்குக் கேட்டால் ஷோரூமிலேயே உட்கார வைத்துக் காப்பி கொடுத்துத் தருகிறார்கள்.

ஐம்பது லட்சம் கடன், 9 சதவீத வட்டி, ஏழு வருஷம் என்றால் மாசம் 80,400 ரூபாய். மொத்தம் கட்டுவது 67 லட்சத்துக்கு மேல். 2017 வண்டி 24.62 லட்சத்துக்குக் கிடைத்தபோது "ஒர்த்" என்று சொன்னவர்கள் சொன்னது சரி. அது இங்கே கோத்த வண்டி, விற்ற பெயருக்குக் கூடுதல் காசு கேட்காத வண்டி. அவுரங்காபாத்தில் அந்தத் தொழிற்சாலை எங்கேயும் ஓடிவிடவில்லை. அங்கே கோத்து, 35 லட்சத்துக்கு, வருஷத்துக்கு ஆயிரம் வண்டி விற்றுக் காட்டட்டும். அது வரைக்கும் செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேயில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, பழைய போலோவையோ ஜேடிபியையோ டயர் தேயத் தேய ஓட்டிவிட்டு, மேட்டுப்பாளையம் வழியாக மெதுவாக மலை ஏறி வரலாம்.