வரையாட்டுக்குத் தலை எண்ணினால் போதுமா?

கிடையில் ஓர் ஆடு மூக்கொழுகி, கண்ணில் பீளை கட்டி, கழிந்துகொண்டு நின்றால் நம் சிவகங்கைச் சீமையின் கீதாரி விடியும்வரை காத்திருக்க மாட்டார். இருட்டோடு இருட்டாக அதை மந்தையிலிருந்து பிரித்துத் தனியே கட்டிவிடுவார். ஆட்டுக்கொல்லி நோய் ஒரே வாரத்தில் கிடையைக் காலி செய்துவிடும் என்பது அவர் பட்டறிந்த பாடம்.

மலை முகட்டில் வாழும் வரையாட்டுக்குக் கீதாரி இல்லை. நம் மாநில விலங்கான அதற்கு அரசுதான் கீதாரி. 25.14 கோடி ரூபாயில் நீலகிரி வரையாடு திட்டம் 2023 அக்டோபரில் தொடங்கியது. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள்; 2025இல் 1,303. கூடுதல் இடங்களில் தேடியதும் இந்த உயர்வுக்கு ஒரு காரணம் என்றாலும், மகிழ்ச்சியான செய்திதான். பாறைச் சரிவுகளில் ஏறி இறங்கி எண்ணிய வனப் பணியாளர்களுக்கு நம் வணக்கம்.

ஆனால் எத்தனை தலை என்பது தெரிந்த அளவுக்கு, அவை எந்த நிலையில் இருக்கின்றன என்பது மக்களுக்குத் தெரியவில்லை. நீலகிரியின் முக்கூர்த்தி தேசியப் பூங்காவில் உடலில் கட்டிகளோடு வரையாடுகள் திரிவதாக முன்பே செய்தி வந்தது. நோயறிதலும் சிகிச்சையும் திட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றன. கணக்கெடுப்பு எண்ணை அறிவிக்கும் அதே நாளில் சாணப் பரிசோதனை, இறந்த ஆடுகளின் உடற்கூறாய்வு ஆகியவற்றின் முடிவுகளையும் அரசு வெளியிட வேண்டும்.

வரையாடு, இமயமலையின் ‘தார்’ என்னும் காட்டாட்டைவிடச் செம்மறிக்கே நெருங்கிய உறவு என்று மரபணு ஆய்வுகள் சொல்கின்றன. செம்மறியின் நோய் அதற்கும் தொற்றக்கூடும் என்று அஞ்சுவதற்கு இது ஒன்றே போதும். மங்கோலியாவில் 2016 இறுதியில் சைகா மான்களிடம் பரவிய ஆட்டுக்கொல்லி, வளர்ப்பு ஆடுகளிடமிருந்து வந்ததுதான். ஆயிரக்கணக்கில் மடிந்தன. நம் வரையாடுகளோ புல்வெளி சுருங்கி, சீகை மரக்காடுகளும் தேயிலைத் தோட்டங்களும் குறுக்கே நிற்க, மலைக்கு மலை தனித்தனிச் சிறு கூட்டங்களாகிக் கிடக்கின்றன. இருபது முப்பது உருப்படி உள்ள கூட்டத்தில் ஒரு நோய் புகுந்தால், மிச்சத்துக்கு என்ன இருக்கும்?

ஆகவே மேற்குத் தொடர்ச்சி மலை அடிவார ஊர்களில் ஓர் ஆடுகூட விடுபடாமல் கால்நடைத் துறை இலவசமாக ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி போடவேண்டும். மேய்ப்பவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல், நோய் பற்றி முதல் தகவல் தருபவராக வனத்துறை சேர்த்துக்கொள்ள வேண்டும். வரையாடு அற்றுப்போன பழைய வாழிடங்களில் அதை மீண்டும் விடும் திட்டமும் இருக்கிறது. இரத்தப் பரிசோதனை முடிந்து, அங்கே சுற்றிலும் மேயும் ஆடுகளுக்கு ஊசி போட்டாயிற்று என்று உறுதியாகும்வரை ஒன்றைக்கூட இடம் மாற்றக் கூடாது.