62 ரூபாய்க் கணக்கு

கல்மண்டபத்து மீனவர் விடியற்காலையில் கரை திரும்புகிறார். பக்கத்து வீட்டுக்காரர் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போகிறார். இவர்களுடைய ஆண்டு வருமானத்தை எப்படிக் கணக்கிடுவது?

மீனை எண்ணி, விலை போட்டு, வலைக்கும் படகுக்கும் ஆன செலவைக் கழித்தால் மீனவரின் கணக்கு தெரிந்துவிடும். மூட்டை தூக்குபவரிடம் எண்ணுவதற்குச் சரக்கு இல்லை. அவருடைய கூலியைத்தான் விசாரிக்க வேண்டும்.

இந்த இரண்டு வழிகளையும் சேர்த்து, தேசத்துக்கே கணக்குப் போட்டவர் வி.கே.ஆர்.வி. ராவ். 1908-ல் காஞ்சீபுரத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்த பொருளாதார நிபுணர்.

வெள்ளைக்காரன் ஆண்ட இந்தியாவில், 1931-32-ல், ஆள் ஒன்றுக்கு ஆண்டு வருமானம் சுமார் 62 ரூபாய் என்று அவர் கண்டார். மாதம் ஐந்து ரூபாய் சொச்சம்! அதில்தான் சோறு, துணி, வைத்தியம், கல்யாணம் எல்லாம்.

ராவ் டெல்லியில் பொருளாதாரக் கல்லூரியை நிறுவினார். டெல்லி பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆனார். பிறகு திட்டக் கமிஷன் உறுப்பினர். அத்தோடு நின்றிருந்தால் அவர் பெயர் புத்தகத்தோடு போயிருக்கும்.

ஆனால் 1967-ல் அவர் பெல்லாரியில் பார்லிமெண்டுத் தேர்தலுக்கு நின்றார். ஏழைகளின் வருமானத்தைக் கணக்கிட்டவர், ஏழைகளிடமே போய் ஓட்டுக் கேட்டார். வெற்றியும் பெற்றார். இது சாமானியமான காரியம் அல்ல. மன்மோகன் சிங் பெரிய நிபுணர்தான். 1999-ல் தெற்கு டெல்லியில் நின்று தோற்றார். பிரதமராக இருந்த பத்து ஆண்டுகளும் அவர் ராஜ்யசபை உறுப்பினரே.

ஜெயித்த ஆண்டிலேயே ராவ் கப்பல், போக்குவரத்து மந்திரி ஆனார். கல்மண்டபத்துக்காரர்கள் மூட்டை தூக்கும் சென்னைத் துறைமுகமும் அந்த இலாகாவைச் சேர்ந்ததுதான். 1969-ல் கல்வி மந்திரியானார். காந்தி நூற்றாண்டான அந்த ஆண்டில், நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 37 பல்கலைக்கழகங்களின் 40 ஆயிரம் மாணவர்கள் அதில் சேர்ந்தனர். கல்லூரிப் பிள்ளைகள் இன்றும் மண்வெட்டியோடு கிராமத்துக்குப் போவது அந்தத் திட்டத்தில்தான்.

1971-ல் பெல்லாரி மக்கள் அவரை மறுபடியும் டெல்லிக்கு அனுப்பினார்கள். 1991-ல் அவர் காலமானார்.

தேச வருமானக் கணக்கில் ஒரு குறை உண்டு. அது ராவ் செய்த குறை அல்ல. உலகம் முழுவதும் உள்ள வழக்கம். கல்மண்டபத்துப் பெண் கூடை சுமந்து மீன் விற்றால், அந்தக் காசு கணக்கில் ஏறும். வீட்டுக்கு வந்து அவள் சோறு வடித்தால், பிள்ளையைக் குளிப்பாட்டினால், கிழவிக்கு மருந்து கொடுத்தால், அது ஏறாது. இன்றும் இதே நிலைதான்.

ஓட்டுக் கேட்டு அந்தத் தெருவுக்கு வரும் வேட்பாளர் பொருளாதாரம் படித்தவராக இருந்தால், அவள் இதை அவரிடம் கேட்கலாம்.