நூறு மாத்திரை, முந்நூறு மாத்திரை

புப்ரெனார்ஃபின் வழக்கில் 2025 ஏப்ரல் 17 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு பழைய வாதம் ஒன்றுக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. என்.டி.பி.எஸ். (போதைப்பொருள், மனமயக்கப் பொருள்) விதிகளின் முதல் அட்டவணையில் இல்லாவிட்டாலும், சட்டத்தின் அட்டவணையில் மருந்தின் பெயர் இருந்தால் போதும், அதை வைத்திருப்பதையும் விற்பதையும் தடுக்கும் எட்டாம் பிரிவு பாயும். மருத்துவ அல்லது அறிவியல் தேவைக்கு, விதிகள் சொல்லும் முறையிலும் அளவிலும் கையாள்வோருக்கு மட்டுமே விலக்கு.

சட்டப்படி இது சரியான தீர்ப்பு. கடத்தல்காரர் நுழைந்த ஓட்டை அடைபட்டதில் எந்த மருத்துவருக்கும் வருத்தம் இருக்காது.

கிளினிக்குகள் உடனே எடுத்துப் படிக்க வேண்டியது அந்த விதிகளில் 66ஆம் விதி. சொந்தச் சிகிச்சைக்கு நோயாளி ஒரே நேரத்தில் 100 டோஸ் அலகுகள் வைத்திருக்கலாம். நீண்டகாலப் பயன்பாட்டுக்கென மருத்துவர் குறிப்பிட்டு எழுதினால் 300 வரை. வலிப்புக்குக் காலை ஒன்று, இரவு ஒன்று என்று, சட்டத்தின் அட்டவணையில் உள்ள கிளோபசம் சாப்பிடும் சிறுமிக்கு 100 மாத்திரை 50 நாளில் தீர்ந்துவிடும். அவளுடைய சீட்டில் ‘2 மாதம்’ என்று கிறுக்கி அனுப்பினால் போதாது. ‘120 மாத்திரை, நீண்டகாலப் பயன்பாடு’ என்று எண்ணிக்கையோடு எழுத வேண்டும். தேதி, பதிவு எண், கையொப்பம் மூன்றும் படிக்கும்படி இருக்க வேண்டும்.

இத்தனையும் சரியாக எழுதிய சீட்டுக்கும் கடையில் மருந்து கிடைக்குமா? இவ்விதழ் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வி இதுதான். ரெஜிஸ்டரும் ஆய்வும் வழக்கும் எதற்கு என்று சிறு கடைக்காரர் அந்த மருந்தை வாங்கி வைப்பதையே நிறுத்திவிடுகிறார். கிளோபசம் திடீரென நின்றால் என்ன ஆகும் என்பது வாசகர்களுக்குத் தெரியும். விடாமல் வரும் வலிப்போடு அந்தச் சிறுமியை அவசரப் பிரிவுக்குத் தூக்கி வருவார்கள். அதற்கு யார் மீது வழக்குப் போடுவார்கள்?

மார்ஃபினில் நாம் இதை ஏற்கெனவே பார்த்தாயிற்று. அரசு உரிமத்தோடு அபின் பயிரிடும் இந்த நாட்டில், 1985ஆம் ஆண்டின் என்.டி.பி.எஸ். சட்டம் வந்தபின் மருத்துவப் பயன்பாடு சரிந்து, 1997இல் வெறும் 18 கிலோவில் நின்றது. அதைச் சீராக்கும் திருத்தம் 2014இல்தான் வந்தது. அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனங்களுக்கான விதிகள் 2015இல். இடைப்பட்ட ஆண்டுகளில் புற்றுநோயாளிகள் வலியோடு இறந்தார்கள். அதற்கு எந்த அதிகாரியும் பதில் சொன்னதில்லை.

இம்முறையும் தாமதிக்க அரசுக்கு உரிமை இல்லை. முறையான சீட்டுக்கு மருந்து கொடுப்பது குற்றமல்ல என்பதை 66ஆம் விதியின் அளவுகளோடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகள் தமிழிலும் பிற மாநில மொழிகளிலும் எழுத்தில் தர வேண்டும். அந்தச் சுற்றறிக்கை ஒவ்வொரு மருந்துக் கடைக்கும், ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் போய்ச் சேர வேண்டும்.