நின்றபடி இறந்தவனின் கல்

அயர்லாந்தின் கிழக்குக் கரையில், வட அயர்லாந்து எல்லைக்குக் கிட்ட, டன்டோக் என்றொரு நகரம் இருக்கிறது. அங்கே தங்கையின் வீட்டில் நின்றபோது ஒருநாள் அவளின் சைக்கிளை எடுத்துக்கொண்டு, நொக்பிரிட்ஜ் கிராமத்துப் பக்கம் உள்ள ஒரு கல்லைப் பார்க்கப் போனேன். அரை மணித்தியால ஓட்டம்தான். அங்கேயும் எங்கள் நாட்டைப் போல இடப்பக்கமாகத்தான் வாகனங்கள் ஓடுகின்றன, அதனால் பயமில்லை. எதிர்க்காற்றுத்தான் காலை உளைய வைத்தது.

கல் ஒரு வயலுக்குள் தனியே நிற்கிறது. உயரம் ஏறத்தாழ 3 மீற்றர். ஐரிஷ் மொழியில் அதன் பெயருக்குப் ‘பெரிய மனிதனின் கல்’ என்று பொருள். அந்தப் பெரிய மனிதன் கூஹலின், பழங்கதைகளில் வரும் அல்ஸ்ரர் நாட்டு வீரன். மரண காயம் பட்டபோது, எதிரிக்கு முன் விழக்கூடாதென்று தன்னை இந்தக் கல்லோடு கட்டிக்கொண்டு நின்றபடியே இறந்தானாம். காகம் ஒன்று வந்து தோளில் இருந்த பிறகுதான் எதிரிகள் கிட்டப் போனார்களாம்.

1916 இல் பிரித்தானிய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தவர்கள் டப்ளின் தபாற் தலைமையகத்தைத் தளமாக்கினார்கள். அவர்களின் நினைவாக 1935 இல் அங்கே வைக்கப்பட்டது இந்தக் கூஹலினின் சிலைதான். வடக்கில், பிரித்தானியாவோடு இருக்க விரும்பியவர்களும் அவனையே அல்ஸ்ரரின் காவலன் என்று சுவர்களில் வரைந்தார்கள். 1998 உடன்படிக்கைக்கு முந்திய முப்பது வருடங்களில் அங்கு 3,500 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். செத்தவன் ஒருவன், உரிமை கோரியவர்கள் இரு பக்கத்தார்!

தோழியரே, அவனுக்குப் பெண்சாதி இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தாள், பெயர் ஈமர். பிற்காலக் கதையொன்றில் அவள் அழுது அழுது அவனின் புதைகுழியிலேயே உயிரை விடுகிறாள். எனக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. புருசனைப் புதைத்த பெண்ணுக்கு அடுத்தநாளும் விடிகிறது, அடுப்பு மூட்ட வேண்டியிருக்கிறது. கதை கட்டியவர்களுக்கு அது தெரியாதாக்கும்.

இன்னொரு பழங்கதையில்தான் ஈமரை எனக்கு விளங்கியது. கூஹலினுக்கு வேறொரு பெண்ணிடம் பிறந்த மகன் கொன்லா, ஏழு வயதுப் பிள்ளை, கடல் கடந்து தகப்பனைத் தேடி வருகிறான். யார் கேட்டாலும் பெயர் சொல்லக்கூடாது என்பது தகப்பனே முன்னர் இட்ட கட்டளை. பெயர் சொல்லாதவனோடு சண்டைக்கு எழும்பிய கூஹலினை ஈமர் கையால் மறித்து, “போகாதே, அது உன் பிள்ளை” என்கிறாள். பெற்றவள் அவளில்லை, ஆனாலும் மறித்தது அவள்தான். அல்ஸ்ரரின் மானத்துக்காக யாராயிருந்தாலும் கொல்வேன் என்று சொல்லிப் போனவன், கொன்றான். பிறகு உடலைத் தூக்கி வந்து தன் ஆட்களுக்கு முன் கிடத்தினான்.

அந்தப் பிள்ளைக்காக அல்ஸ்ரர்காரர் மூன்று நாள் ஒரு கன்றையும் தாய்ப்பசுவிடம் விடவில்லையாம்.