மார்ச்சில் நான் போட்ட பதிவுக்கு ஒரு திருத்தம்

பதிவு கொஞ்சம் நீளம். டீயைப் போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

2025 மார்ச் மாதம் ஜார்ஜ் ஃபோர்மேன் காலமானபோது இதே பக்கத்தில் எழுதினேன்: "இத்துடன் ஹெவிவெயிட் குத்துச்சண்டையின் பொற்காலம் முடிந்தது. இப்போது இருப்பவர்கள் உடம்பு பெருத்தவர்கள், அவ்வளவுதான்." நிறையப் பேர் லைக் போட்டீர்கள். "சார் சொன்னா சரிதான்" என்று எழுதியவர்களும் உண்டு. நான் சொன்னது தப்பு. பாதித் தப்பு இல்லை, முழுத் தப்பு.

ஞாயிறு அதிகாலை என் தங்கை மகன் போன் பண்ணி எழுப்பினான். "மாமா, வெம்ப்ளியில உசிக் முடிச்சிட்டாரு, அஞ்சாவது ரவுண்டு. உங்க மார்ச் பதிவை இப்பத்தான் திரும்பப் படிச்சேன்" என்றான். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மரியாதைதான் ரொம்ப உறுத்தியது.

காலையில் குடும்பக் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் அதைப் பற்றி எழுதினேன். உடனே ஒரே அடிதடி. "அலி காலத்துல இவர் ஒரு ஆளா சார்?" "டைசன் முன்னாடி ஒரு ரவுண்டு நிப்பாரா?" எல்லாம் நான் வகுப்பில் உங்களுக்கு ஊட்டிய சோறுதான். 1980இல் அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடிய கதையை உங்களில் எத்தனை பேருக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அந்தக் கதையோடு என் அபிப்பிராயத்தையும் சேர்த்து விழுங்க வைத்துவிட்டேன். அதனால் இந்தச் சண்டை என் மேலேயே நான் போடுவது. அடி உங்கள் மேலும் கொஞ்சம் படும்.

முதலில் இந்த "யார் முன்னாடி யார் நிப்பாங்க" என்ற கேள்வியைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள். அதற்கு விடையே கிடையாது. விடை இல்லாத கேள்விக்கு யார் சத்தமாகப் பேசுகிறாரோ அவருக்கே மதிப்பெண் கிடைக்கும். முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவனுக்கு அது ஒத்துவராது. கேட்க வேண்டியது வேறு. யாரை ஜெயித்தார்? அவர்கள் அப்போது எந்த நிலையில் இருந்தார்கள்? எங்கே போய் ஜெயித்தார்?

நான் ஒரு காரியம் செய்தேன். நோட்டில் பெயரை எழுதாமல், தேர்வுத்தாளில் பதிவெண் போடுகிற மாதிரி, சாதனையை மட்டும் எழுதினேன். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம். கீழ் எடைப் பிரிவான குரூசர்வெயிட்டில் நான்கு பெல்ட்டும் கையில். அதன்பின் ஹெவிவெயிட்டில் நான்கு பெல்ட்டும், அதுவும் இரண்டு தடவை. 2025இன் வெம்ப்ளி சண்டை வரை தொழில்முறையில் 24 சண்டை, தோல்வி பூஜ்யம். பெயரை மூடிவிட்டு இந்தத் தாளைக் கொடுத்தால் யாராவது ஃபெயில் போடுவீர்களா? மூடியதை எடுத்தால் ஒலெக்சாண்டர் உசிக், உக்ரைன். 1987இல் கிரிமியாவின் சிம்ஃபெரோபோல் நகரில் பிறந்தவர்.

எங்கே போய் ஜெயித்தார் என்று கேட்டேன் அல்லவா? என்னை அதிகம் அசைத்தது அதுதான். கிளோவாட்ஸ்கியைப் போலந்திலேயே வென்றார். ஹக்கை பெர்லினில். பிரியெடிஸை ரிகாவில். 2018 ஜூலையில் கசியெவை மாஸ்கோவில். நினைத்துப் பாருங்கள், பிறந்த ஊர் நான்கு வருஷமாக ரஷ்யாவின் பிடியில் இருக்கிறது, மனிதர் மாஸ்கோவுக்கே போய் ரஷ்ய வீரரைப் புள்ளிகளில் தோற்கடித்து நான்கு பெல்ட்டையும் எடுத்துக்கொண்டு வருகிறார். அன்று அவர் கையில் கொடுத்த கோப்பையின் பெயர் முகம்மது அலி கோப்பை. அப்புறம் பெல்யூவை மான்செஸ்டரில், ஜோஷுவாவை லண்டனில், இப்போது டுபுவாவை வெம்ப்ளியில். எல்லாம் எதிராளியின் வாசற்படி. சொந்த ஊர்க் கூட்டத்தின் கைதட்டல் நடுவர்களின் காதில் விழாது என்று நம்புகிறவர்கள் குத்துச்சண்டை பார்த்ததில்லை.

2022 பிப்ரவரியில் போர் வந்தபோது கீவ் நகரத்துப் பாதுகாப்புப் படையில் சேர்ந்து துப்பாக்கி தூக்கினார். அதே வருஷம் ஆகஸ்டில் ஜெட்டாவில் ஜோஷுவாவை மறுபடியும் வென்றார். இதற்குத் தனி மதிப்பெண் போடச் சொல்லவில்லை. மனிதருக்குப் பயிற்சிக்கு எத்தனை மாதம் கிடைத்திருக்கும் என்று மட்டும் யோசியுங்கள்.

அடுத்து எடை. "இப்போ உள்ளவன் உடம்பை வெச்சே ஜெயிக்கிறான்" என்று மார்ச்சில் எழுதினேனே, அது உசிக்குக்கு எதிர்த்திசையில் பொருந்துகிறது. 2024 டிசம்பரில் டைசன் ஃப்யூரியுடன் இரண்டாவது சண்டை. ஃப்யூரி 281 பவுண்டு, உசிக் 226. வித்தியாசம் 55 பவுண்டு, அதாவது 25 கிலோ. மளிகைக் கடையில் வாங்குகிற அரிசி மூட்டை ஒன்று. உயரத்திலும் அரை அடி குறைவு. 1974இல் கின்ஷாசாவில் அலியை எதிர்த்தபோது ஃபோர்மேன் 220 பவுண்டு, அலி ஏறக்குறைய 216. ஆக உசிக் அந்தக் காலத்து ஃபோர்மேன் அளவு ஆள்தான். அலி காலத்து உடம்பை வைத்துக்கொண்டு இந்தக் காலத்து மலைகளோடு மோதுகிறார். எதை வைத்து? ஃபுட்வொர்க். இடக்கைக்காரர், எதிராளியின் முன்னங்காலுக்கு வெளியே காலை வைத்துச் சுற்றிக்கொண்டே இருப்பார். ஏழாவது, எட்டாவது ரவுண்டில் எதிராளி மூச்சு வாங்கும்போது இவர் அப்போதுதான் வேலையை ஆரம்பிக்கிறார். 2024 மே மாதம் ரியாத்தில் முதல் சண்டையின் ஒன்பதாவது ரவுண்டைத் தேடிப் பாருங்கள், ஃப்யூரி கயிறு கயிறாகத் தள்ளாடியதை. அன்றுதான் 1999இல் லென்னாக்ஸ் லூயிஸுக்குப் பிறகு எல்லாப் பெல்ட்டும் ஒருவரிடம் சேர்ந்தன.

"ஃப்யூரிக்கு வயசாயிடுச்சு சார்" என்று ஒரு மாணவர், பழைய பேட்ச், எழுதியிருந்தார். கண்ணு, அன்று ஃப்யூரிக்கு 35, ஒரு தோல்வியும் இல்லாதவர். உசிக்குக்கு 37. இப்போது வெம்ப்ளியில் உசிக்குக்கு 38, டுபுவாவுக்கு 27. வயதைப் பேசுவதானால் ராக்கி மார்சியானோவைப் பேசுவோம். 49 சண்டை, தோல்வியே இல்லை என்று நானே பெருமையாகச் சொல்வேன். 1951இல் அவர் வீழ்த்திய ஜோ லூயிஸுக்கு 37 வயது. 1952இல் பட்டத்தைப் பறித்த வால்காட்டுக்கு 38. மார்சியானோவின் எடை 184 பவுண்டு. இன்றைய கணக்கில் குரூசர்வெயிட். அவர் சிறியவர் என்று சொல்லவில்லை. ஒருவருக்கு ஒரு தராசு, இன்னொருவருக்கு வேறு தராசு வேண்டாம் என்கிறேன்.

டைசன் ரசிகர்களுக்கு: ஸ்பிங்க்ஸை 91 நொடியில் சாய்த்தது எனக்கும் மறக்காது. ஆனால் டக்ளஸிடமும் ஹோலிஃபீல்டிடமும் லெனாக்ஸ் லூயிஸிடமும் தோற்றார். அவர் தந்த பயம் பெரிது. அவர் வென்ற பெயர்களின் பட்டியல் அவ்வளவு பெரிதில்லை.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லையா? இருக்கிறது. 2025இன் வெம்ப்ளி சண்டை வரை ஹெவிவெயிட்டில் உசிக் போட்டது 8 சண்டைதான். அதில் கடைசி ஆறும் மூன்றே பேரோடு, ஆளுக்கு இரண்டு. ஜோ லூயிஸ் 25 முறை பட்டத்தைக் காத்தார். அதில் பல சோப்ளாங்கிகள் உண்டு, அன்றைய பத்திரிகைகளே கேலி செய்தன. இருந்தாலும் 12 வருஷம் 12 வருஷம்தான். 2023இல் டுபுவாவின் அடி இடுப்புக்குக் கீழே விழுந்ததா இல்லையா என்ற தகராறும் உண்டு. அதைத்தான் வெம்ப்ளியில் இரண்டாம் தடவை ஐந்தே ரவுண்டில் தீர்த்துவைத்தார்.

இதையெல்லாம் கூட்டிக் கழித்து என் வரிசை: அலி, ஜோ லூயிஸ் இருவரையும் நான் நகர்த்த மாட்டேன். அவர்களுக்குப் பின்னால் ஹோம்ஸ், ஃபோர்மேன், லென்னாக்ஸ் லூயிஸ், ஹோலிஃபீல்டு. ஏழாவது உசிக். ஃப்ரேசியருக்கும் மார்சியானோவுக்கும் டைசனுக்கும் மேலே. ஹோலிஃபீல்டும் இவரைப் போலவே குரூசர்வெயிட்டில் எல்லாவற்றையும் வென்று மேலே வந்தவர். அவர் சந்தித்தவர்கள் அதிகம், அதனால் ஒரு படி முன்னே.

இவ்வளவு ஆத்திரம் எதற்கு, ஒரு விளையாட்டுதானே என்று என் வீட்டம்மா கேட்கிறாள். காரணம் சொல்கிறேன். வருஷா வருஷம் ஜூன் மாதம் வகுப்புக்குள் நுழைந்ததும் நான் சொல்வது ஒரே வசனம்: "போன வருஷ பேட்ச் மாதிரி வராது." 1985 பேட்ச்சிடம் 1984 பேட்ச்சைப் புகழ்ந்தேன். 1986இடம் 1985ஐ. போன வருஷம் நம் பள்ளி விழாவில் ஒரு மாணவி, இன்று பெரிய பொறியாளர், சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்: "சார், நாங்க உட்கார்ந்திருந்தப்போ எங்களை ஒரு நாளாவது நல்லா இருக்கீங்கன்னு சொன்னீங்களா?" எனக்கு பதில் வரவில்லை. உசிக்குக்கு மார்ச்சில் நான் செய்ததும் அதேதான். அவர் இன்னும் வளையத்துக்குள் நிற்கிறார், அதனால் குறைத்துப் போட்டேன்.

மறுப்பு எழுதுகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள். டைசன் வீடியோ மட்டும் அனுப்ப வேண்டாம், போன் நிறைந்துவிட்டது. உசிக்கைப் பத்துக்கு வெளியே தள்ளுகிறவர்கள், உள்ளே யாரை வைக்கிறீர்கள், அவர் யாரை எந்த ஊரில் ஜெயித்தார் என்று எழுத வேண்டும். வெறும் "அந்தக் காலம் மாதிரி வருமா" என்றால் பூஜ்யம்.

தங்கை மகன் மறுபடி கேட்டான், "மாமா, மார்ச் பதிவை அழிச்சிடப் போறீங்களா?" என்று. அழிக்கவில்லை. அதன் கீழே இந்தப் பதிவின் இணைப்பைப் போட்டு, "விடை தவறு" என்று நானே எழுதிவைத்திருக்கிறேன்.