முதலில் அளவீடு, பிறகு செலவு

பள்ளிக் கணினிக் கூடத்தில் வலைப்பக்கம் ஒன்று திறப்பதற்கே நெடுநேரம் ஆகிறது. உடனே, “இணைப்பின் வேகம் போதவில்லை, இதைவிட விரைவான இணைப்பை வாங்க வேண்டும்” என்ற பேச்சு எழுகிறது. காரணம் அறியாமல் எடுக்கப்படும் இம்முடிவு பல வேளைகளில் பணத்தை வீணாக்கும். பழுது எங்கே உள்ளது என்று ஆராய்ந்த பின்னரே செலவைப் பற்றி எண்ணுதல் வேண்டும்.

கணினிகள் தம்முள் செய்தி பரிமாறிக்கொள்ள வகுக்கப்பட்ட விதிகளின் தொகுப்பே நெறிமுறை எனப்படும். ஒரு கட்டடத்தில் உள்ள கணினிகளை இணைப்பது குறும்பரப்பு வலையமைப்பு. ஒரே வலையமைப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட நெறிமுறைகள் இயங்குவதும் உண்டு.

இதற்கு இந்திய வரலாற்றிலேயே சான்று உள்ளது. தில்லியில் இயங்கிய மத்திய மின்னணுவியல் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் 1986ஆம் ஆண்டு எர்நெட் என்னும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பைத் தொடங்கியது. தில்லி, சென்னை உள்ளிட்ட ஐந்து இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் அதில் பங்கேற்றன. தொடக்கத்தில் டிசிபி/ஐபி, ஓஎஸ்ஐ என்னும் இருவகை நெறிமுறைகளும் அதன் முதன்மைத் தடங்களில் இயங்கின. 1995 முதல் ஏறத்தாழ எல்லாச் செய்திகளும் டிசிபி/ஐபி வழியாகவே சென்றன.

இன்றும் கலப்பு நீங்கவில்லை. ஐபி நெறிமுறையின் நான்காம் பதிப்பு ஏறத்தாழ 430 கோடி முகவரிகளையே தரவல்லது. அவற்றின் உலகப் பொது இருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. ஆகவே ஆறாம் பதிப்பும் பழைய பதிப்போடு சேர்ந்து இயங்குகிறது. ஒரு கூடத்தில் ஆறாம் பதிப்பு இயக்கப்பட்டிருந்தும், அதன் வெளிவழி சரியாக அமைக்கப்படவில்லை எனக் கொள்வோம். கணினி முதலில் புதிய வழியில் முயல்கிறது. விடை வராமல் காத்திருக்கிறது. பின்னர்ப் பழைய வழிக்குத் திரும்புகிறது. இக்காலத்து உலாவிகள் இக்காத்திருப்பைப் பெரிதும் குறைத்துவிட்டன. ஆயினும் பழைய மென்பொருள்களில் அது நீடிக்கிறது. இணைப்பின் வேகத்தை இருமடங்காக்கினாலும் இக்காத்திருப்பு குறையாது.

ஆகவே ஆய்வுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். ஒரு கணினி மட்டும் மெதுவாக உள்ளதா, எல்லாக் கணினிகளுமா என்று முதலில் காண வேண்டும். கூடத்திற்குள் இரு கணினிகளுக்கு இடையே செய்தி சென்று திரும்பும் நேரத்தை அளக்க வேண்டும். பின்னர் ரூட்டர் வரையிலும், அதன் பின்னர் வெளியுலகு வரையிலும் அளக்க வேண்டும். நான்காம் பதிப்பையும் ஆறாம் பதிப்பையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தையே செய்து, விளைவைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். பல மாற்றங்களை ஒன்றாகச் செய்தால், வேகம் கூடினாலும் எதனால் கூடியது என்பது விளங்காது.

“புதிய நெறிமுறையை நிறுத்திவிட்டால் தொல்லை தீரும்” என்பாரும் உளர். அது எளிய வழி. ஆனால் நல்ல வழி அன்று. எவரும் பயன்படுத்தாத பழைய நெறிமுறையை நீக்குவது முறை. நாளைக்குத் தேவையானதை நீக்குவது முறையன்று. அதன் வழியைச் சீர்செய்வதே கடமை. வீட்டில் தமிழும், தெருவில் இந்தியும், வகுப்பில் ஆங்கிலமும் பேசும் தில்லிக் குழந்தை தடுமாறுவதில்லை; யாரிடம் எதைப் பேச வேண்டும் என்பதை அது அறிந்திருக்கிறது. வலையமைப்பிலும் நெறிமுறைகள் இரண்டாக இருப்பது குற்றமன்று. ஒன்றை அரைகுறையாக அமைத்து விடுவதே குற்றம்.

சில இடங்களில் இணைப்பே உண்மையில் போதாமல் இருக்கலாம். அதையும் அளவீடே காட்டும். அவ்வாறு காட்டும்போது புதிய இணைப்பைத் தயங்காமல் கேட்கலாம். “மெதுவாக உள்ளது” என்னும் முறையீட்டைவிட, எந்த நாளில், எந்த இடத்தில், எவ்வளவு தாமதம் என்று எழுதிய ஒரு பக்கக் குறிப்பு வலிமை மிக்கது. பொதுப் பணத்தில் இயங்கும் பள்ளியில் அக்குறிப்பை எழுதிய பிறகே செலவுக் கோரிக்கை எழ வேண்டும்.