பிளஸ் டூவோடு நிற்கிற சைக்கிள்



எங்கள் களக்காட்டிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் பிளஸ் ஒன் சேரும் பெண் பிள்ளைகளுக்கு அரசாங்கம் சைக்கிள் கொடுக்கிறது. இரண்டு வருஷம் ஜோராக ஓட்டுவார்கள். பிளஸ் டூ பரீட்சை முடிந்ததும் அது தம்பிக்குப் போய்விடும். இல்லாவிட்டால் தொழுவத்துச் சுவரில் சாய்ந்து துருப்பிடிக்கும். "கல்யாண வயசுல என்னட்டி சைக்கிள்?" என்று கேட்பது பெரும்பாலும் ஆண்கள் இல்லை, நாம்தான்.

அப்படிக் கேட்கிறவர்கள் அன்னமீக் வான் ஃப்ளூட்டன் என்ற நெதர்லாந்துப் பெண்ணைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். 1982-ல் பிறந்தவர். சின்ன வயசிலேயே பந்தயத்துக்குப் பழகியவர் இல்லை. பல்கலைக்கழகத்தில் தொற்றுநோயியல் படித்தவர். கால்பந்து ஆடி முழங்கால் கெட்டுப்போய், இருபது வயசெல்லாம் தாண்டிய பிறகுதான் பந்தய சைக்கிளில் ஏறினார். நம் ஊர்க் கணக்குப்படி, இடுப்பில் ஒரு பிள்ளை இருக்க வேண்டிய வயசு!

2016-ல் ரியோ ஒலிம்பிக். சாலைப் பந்தயத்தில் முதல் ஆளாக மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். மாஞ்சோலை ரோட்டில் பஸ்ஸில் இறங்கியவர்களுக்கே வளைவு என்றால் வயிற்றைக் கலக்கும். இவர் சைக்கிளில் அந்த வேகத்தில் வந்து, ஒரு வளைவில் தலைகுப்புற விழுந்தார். முதுகெலும்பில் மூன்று இடத்தில் முறிவு. தங்கம் அவர் நாட்டுப் பெண்ணுக்கே போனது. மறு வருஷமே உலகப் போட்டியில், தனி ஆளாகக் கடிகாரத்தோடு ஓடும் நேர ஓட்டத்தில் தங்கம் வாங்கினார். 2021-ல் டோக்கியோவில் வேறு மாதிரி சோதனை. தானே முதல் என்று நினைத்துக் கையைத் தூக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டினார். ஆனால் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஆனா கீசன்ஹோஃபர் முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தார்! மூன்றாம் நாள் நேர ஓட்டத்தில் தங்கம் அன்னமீக்குக்குத்தான். 2022-ல் பெண்களுக்கான டூர் டி பிரான்ஸை வென்றபோது வயசு 39. நடுவில் வயிற்றுக் கோளாறு வேறு. 2023-ல் ஓய்வு பெற்றார்.

அந்த டூர் டி பிரான்ஸ் கதையையும் கேளுங்கள். ஆண்களுக்கு 1903-லேயே தொடங்கியது. பெண்களுக்கு 1984-ல் ஆரம்பித்து, 1989-க்குப் பிறகு கைவிட்டார்கள். மறுபடி நடந்தது 2022-ல். ஆண்களில் ஜெயித்தவருக்கு 5 லட்சம் யூரோ, இவருக்கு 50 ஆயிரம். அந்த 2022-ல் ஆண்களுக்கு 21 நாள் ஓட்டம், பெண்களுக்கு 8 நாள்தானே இருந்தது என்பார்கள். 8 நாள் போதும் என்று முடிவு செய்தது யாராம்? நம் பக்கத்து வாழைத்தோட்டத்தில் ஆம்பளை கூலி, பொம்பளை கூலி என்று பிரிக்கிற அதே கணக்குதான்.

வெளிநாட்டுக்காரிக்கு வசதி இருக்கும், நமக்கு ஏது என்று ஒரு பெரியம்மா என்னிடம் சொன்னார்கள். புதுக்கோட்டையில் என்ன வசதி இருந்தது? 1991-ல் அறிவொளி இயக்கத்தின்போது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலத்தில், எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்ட பெண்கள் ஆயிரக்கணக்கில். கல் உடைக்கிறவர்களும், வயல் வேலைக்குப் போகிறவர்களும், பிள்ளை குட்டிக்காரர்களும்தான். கேலி பேசியவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள், இவர்கள் பிள்ளையை முன்னால் உட்கார வைத்து, குடத்தைப் பின்னால் கட்டிக்கொண்டு போனார்கள்.

எல்லாப் பிள்ளையும் பந்தயம் ஓட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பதினேழு வயசில் வண்டியைப் பிடுங்கி வைக்காதீர்கள் என்கிறேன்.

என் மகளுக்கு நிச்சயம் ஆகியிருக்கிறது. பீரோ, கட்டிலோடு அவள் சைக்கிளும் வரும் என்று சம்பந்தியம்மாவிடம் சொன்னேன். "எங்க தெருவுல மருமகளுவ யாரும் ஓட்டுறதில்லையே, மதினி" என்றார்கள். "ஆஸ்பத்திரிக்கும் பேங்குக்கும் யாரையும் எதிர்பார்க்காம அவளே போயிட்டு வந்துருவா மதினி" என்றேன். இன்னும் பதில் இல்லை. தை மாசம் கல்யாணம். அதற்குள் ரெண்டு டயரும் மாற்ற வேண்டும்.

- ஒரு வாசகி, களக்காடு